சுவருக்குள் சுண்ணாம்பு

ஜனவரி 9

ஈரோடு போய் வந்தேன். கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. என் பெண்டாட்டி பூங்கொடி ஜெயித்துவிட்டாள்.

போன மாதம் போர்வெல் ரிக் உரிமையாளர் சங்கத்தில் முகாம் போட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். எனக்குக் கொழுப்பு ஏகத்துக்கு இருக்கிறதாம். அன்றிலிருந்து வீட்டில் கறி இல்லை, முட்டை இல்லை, நிம்மதி இல்லை. "இருதயத்துக்கு அந்த ஸ்கேனை எடுத்துப்போட்டு வந்துருங்க, அப்பறம் உங்க இஷ்டம்" என்று காலையும் மாலையும் ஒரே பேச்சு. எடுத்தாயிற்று. வடை மாதிரி நடுவில் ஓட்டை வைத்த பெரிய யந்திரம். நெஞ்சில் வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. "மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்றாள் ஒரு பெண். நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து சட்டையைப் போடு என்றார்கள். இதற்கா அரை நாள் பிழைப்பு கெட்டது?

எனக்கு நாற்பத்தொன்பது வயது. பீடி, சிகரெட், குடி எதுவும் இல்லை. ரிக் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று இருபது வருஷம் போர் போட்டு அலைந்த உடம்பு. இப்போது ரிக் பார்ட்ஸ் கடை. இன்றைக்கும் பாறை உடைக்கிற ஹாமரைத் தனி ஆளாகத் தூக்கி லாரியில் ஏற்றுவேன். எனக்குப் போய் ஸ்கேன்.

திரும்பி வந்தால் கைலாசத்தின் கார் என் கேட்டை மறித்து நிற்கிறது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வந்து நகர்த்தினான். நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

கைலாசம் பக்கத்து வீட்டுக்காரன். எங்கம்மா வயிற்றில் எனக்கு நாலு வருஷம் முன்னால் பிறந்தவன். அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இருக்கிறோம். ஏழு வருஷமாகப் பேச்சில்லை.

ஜனவரி 11

டாக்டர் என் மகள் வயசுப் பெண். பெயர் இளவேனில். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"அர்த்தநாரி, உங்க கால்சியம் ஸ்கோர் அறுநூத்திப் பன்னெண்டு."

"எத்தனைக்கு?" என்றேன்.

"பரிச்சை மார்க் இல்லீங்க இது. பூஜ்யம் வந்தாத்தான் சந்தோசம். நூறைத் தாண்டினா மாத்திரை கட்டாயம். நானூறைத் தாண்டினா ரொம்ப ஜாஸ்தின்னு அர்த்தம். உங்க வயசு ஆம்பளைங்க நூறு பேரை வரிசையா நிறுத்தினா, உங்களுக்கு மேல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க."

எனக்கு அந்தத் தோரணை பிடிக்கவில்லை. குழாய் விஷயம் எனக்குத் தெரியாதா? உப்புத் தண்ணி ஓடுகிற போர் பைப்பில் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் போய்விடும், அதுபோல ஏதாவது ஊற்றிக் கழுவிவிடுங்கள் என்றேன். சிரித்தாள்.

"பைப்புக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தா கழுவலாங்க. இது ரத்தக்குழாயோட சுவருக்குள்ளயே படிஞ்ச கொழுப்பு. நாள்பட்டு அதுல சுண்ணாம்பு ஏறியிருக்கு. ஸ்கேன்ல தெரியறது அந்தச் சுண்ணாம்பு மட்டுந்தான். சுண்ணாம்பு ஏறாத இளசும் சுவருக்குள்ள இருக்கும், அது இதுல தெரியாது. திடீர்னு வெடிச்சு அடைக்கறது பெரும்பாலும் அந்த மாதிரிதான். மாத்திரை எதுக்குன்னா, அது வெடிக்காம இறுக்கி வைக்க. அதனால அடுத்த வருசம் மறுபடி ஸ்கேன் எடுத்து நம்பர் குறைஞ்சுதான்னு பாக்காதீங்க. குறையாது. கூடக் கூடச் செய்யும். பயப்பட வேண்டாம்."

நம்பர் கூடுமாம், பயப்படக் கூடாதாம். நல்ல வைத்தியம்.

பிறகு டிரெட்மில்லில் ஓட விட்டாள். ஓடினேன். அதில் கோளாறு இல்லை, இப்போதைக்கு ஆபரேஷன் எதுவும் தேவையில்லை என்றாள். எழுந்திருக்கப் போனவனை உட்கார வைத்து, "அப்பா எப்ப தவறினாரு?" என்றாள்.

"நாப்பத்தாறு வயசுல. லாரி செட்டுல நின்னுட்டிருந்தவரு அப்படியே சாஞ்சாரு."

"அப்பாவோட கூடப் பொறந்தவங்க?"

"சித்தப்பா ஒருத்தரு. அம்பதுல. அவரும் அப்படித்தான்."

எழுதிக்கொண்டே, "உங்க கூடப் பொறந்தவங்க?" என்றாள். அண்ணன் ஒருத்தன் என்றேன், பேச்சு வார்த்தை கிடையாது என்றேன்.

"அது எனக்குத் தேவையில்லீங்க. இது குடும்பத்துல வர்ற வாகு. உங்களுக்கு அறுநூறுன்னா அவருக்கும் இருக்க வாய்ப்பு நெறைய. உங்களைவிட மூத்தவரு. உடனே காட்டச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லமாட்டேன்.

ஜனவரி 12

மாத்திரை வாங்கினேன். போடவில்லை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். கைலாசம் வீட்டில் ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டான். மாடே இல்லாதவனுக்கு மாட்டுப் பொங்கல்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். பாதிப் படியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். இடது கையை உதறினான். அப்புறம் ஏறினான். சோடா குடித்து ஏப்பம் விடுகிற சத்தம் பிறகு கேட்டது. தின்றால் இப்படித்தான். அம்பத்து மூணு வயதில் வயிறைப் பார்க்கவேண்டும், இரட்டைப் பிள்ளை மாதிரி.

நான் தொட்டியைப் பார்க்காமலே கீழே வந்துவிட்டேன். மறுபடி ஏற வேண்டியதாயிற்று.

ஜனவரி 23

பூங்கொடி இன்றைக்கும் கேட்டாள். "மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எந்த மாமா?" என்றேன், கைலாசத்தைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தும்.

"சும்மா இருங்க. டாக்டரம்மா சொன்னதை நானுந்தான் கேட்டுட்டு உக்காந்திருந்தேன்."

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அவளுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. அம்மா அவன் வீட்டுப் பக்கம் இருந்தபோதுதான் செத்துப்போனாள். மே மாதம். நான் சத்தீஸ்கரில் காட்டுக்குள் வண்டியோடு கிடந்தேன். சேதி கிடைத்து, லாரி பிடித்து, ரயில் பிடித்து வந்து சேர்ந்தால் சாம்பல்கூட ஆறிவிட்டது. ஒரே ஒரு நாள். ஒரு நாள் வைத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். பெற்ற தாய் முகத்தை எனக்குக் காட்டாமல் எரித்தவன். அவனுக்கு நான் போய், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லவேண்டுமாம்.

"சொல்லாம விட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றாள்.

"அப்ப நானும் முகம் பாக்கப் போகமாட்டேன். கணக்குச் சரியாப் போயிரும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

ஜனவரி 24

மாத்திரை போட ஆரம்பித்தேன். பூங்கொடிக்காக இல்லை.

பிப்ரவரி 3

டாக்டருக்குப் போன் போட்டேன். நீங்களே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், நம்பர் தருகிறேன் என்றேன்.

"அவர் என்கிட்ட வரவே இல்லியே. உங்க ரிப்போர்ட்டை வேற ஒருத்தர்கிட்ட நான் எப்படிப் பேசறது? நீங்கதான் சொல்லணும்."

"நான் சொன்னா அவன் கேக்கமாட்டான்."

"சொல்லிப் பாத்தீங்களா?"

போனை வைத்துவிட்டேன். படித்தவர்களுக்கு எல்லாம் லேசு.

பிப்ரவரி 8

வையாபுரி மாமாவை விட்டுச் சொல்லி அனுப்பினேன். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். ரெண்டு வீட்டிலும் காப்பி குடிக்கிற ஒரே ஆள். சொல்லவேண்டியதை ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்: அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது, உனக்கும் இருக்கும், ஈரோட்டில் போய்க் காட்டு. இவ்வளவுதான். "அதுக்கென்ன மாப்ளே, பக்குவமாச் சொல்லிப்போடறேன்" என்றார்.

வேலை முடிந்தது. இனி அவன் பாடு.

பிப்ரவரி 10

இன்று என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். என் ஆயுசில் முதல் தடவை.

வையாபுரி மாமா பக்குவமாகச் சொன்னது இது: "உங்கப்பன் போன மாதிரியே நீயும் போயிருவியாம், உந்தம்பி சொல்லச் சொன்னான்." கைலாசம் நேரே போய் கொலை மிரட்டல் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். எதிரெதிரே ரெண்டு நாற்காலியில் உட்கார வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கால்சியம், அறுநூற்றுப் பன்னிரண்டு, அப்பா, சித்தப்பா. அந்தம்மா கேட்டுவிட்டு, "ஏங்க, உங்க தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காரு. அதுக்குப் போய் புகாரா?" என்றார்.

கைலாசம் எழுந்து நின்றான். "மேடம், எங்கம்மா சாவுக்கு வராதவன் இவன். இப்ப என் சாவுக்கு நாள் குறிச்சு ஆள் அனுப்பறான்."

நானும் எழுந்தேன். "வரவிட்டியாடா நீ?"

"விடிய விடிய போன் அடிச்சேன்டா! எடுத்தியா?"

"காட்டுக்குள்ள டவர் ஏதுடா?"

கான்ஸ்டபிள் நடுவில் வந்து நின்றார். அவன் அள்ளிவிட்ட பொய்யையெல்லாம் எழுத இங்கே இடமில்லை. ஐஸ் பெட்டி கொண்டுவந்தானாம். கோடைமழை பெய்து கரண்ட் போய்விட்டதாம். ரெண்டாம் நாள் மத்தியானம் வரை வைத்திருந்தானாம். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுக்கச் சொன்னதாம். ஏழு வருஷமாக யோசித்து வைத்திருக்கிறான்.

கத்தும்போது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வேர்வை. பெஞ்சில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டான். அந்தம்மா தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

எழுதி வாங்கிக்கொண்டு ரெண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 11

சாகட்டும்.

பிப்ரவரி 14

கடையில் கூட்டம். புது கம்ப்ரசர் ஹோஸ் வந்திருக்கிறது. ஒன்றை மாற்றிக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கினேன். நானும் திருப்பி ஏசினேன்.

தாடை வலிக்கும் இருதயத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். யாருக்கு என்றாள். ஒருத்தருக்கு என்றேன். மாடி ஏறினால் நிற்கிறவர், கையை உதறுகிறவர், சோடா குடித்துச் சமாளிக்கிறவர் என்றேன்.

"அவருக்கு அந்தக் கால்சியம் ஸ்கேன் எல்லாம் வேண்டாங்க. அது ஒண்ணும் தெரியாம நல்லா இருக்கறவங்களுக்கு. அறிகுறியே வந்தாச்சுன்னா நம்பர் பாத்துட்டு உக்காந்திருக்க நேரமில்லை. நேரா கூட்டிட்டு வாங்க. நாளைக்கே."

பிப்ரவரி 15

காலையில் குளித்து, சட்டை மாற்றி, அவன் கேட்டைத் திறந்துகொண்டு போனேன். நாய் என்னைத் தெரியாமல் குரைத்தது. தங்கமணி அண்ணி வெளியே வந்தது. கையில் தோசைக்கரண்டி.

கைலாசம் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"எதுக்கு வந்தே? ஆள் விட்டுப் பத்தலைன்னு நேர்ல சொல்ல வந்தியா?"

"ஆமா. நேர்லயே சொல்றேன். உனக்கு நெஞ்சுல கோளாறு. ஈரோட்டுக்குப் பொறப்படு."

"எனக்கு வாயுடா. நாக்கைச் சுருட்டிக்கிட்டு வெளிய போ."

"வாயு தாடைக்குப் போகுமா? கையை ஏன் உதறறே? மாடிப்படியில ஏன் நிக்கறே?"

"என் வீட்டு மாடிப்படியை நீ எதுக்குடா பாக்கறே?"

பேப்பரை என் மேல் எறிந்தான். நான் அண்ணியிடம் திரும்பினேன். "படி ஏறினா நிக்கறானா இல்லையா? நீங்க சொல்லுங்க அண்ணி."

"தங்கமணி, உள்ள போ."

அண்ணி போகவில்லை. "தீவாளியிலிருந்தே இப்படித்தான் தம்பி," என்றது. "கடைவீதிக்கு நடந்தா ரெண்டு எடத்துல நின்னு கடையப் பாக்கற மாதிரி பாக்கறாரு. நேத்து குளிச்சிட்டு வந்து தலை துவட்ட முடியாம உக்காந்துட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு எம்மேல சத்தியம் வாங்கிட்டாரு."

அவன் அண்ணியைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும். நான் பதிலுக்கு அவனைத் திட்டினேன். அப்பாவைத் திட்டினேன், சித்தப்பாவைத் திட்டினேன், எங்கள் வம்சத்தில் ஒருத்தனுக்கும் அறுபதாம் கல்யாணம் நடக்காததைச் சொல்லித் திட்டினேன். அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். ஓங்கிய கை பாதியில் நின்றது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீ சொல்லி நான் போகமாட்டேன்" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு.

"எவன் சொல்லியாச்சும் போய்த் தொலை" என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

ஈரோட்டுக்குப் போய்விட்டான். அண்ணியும் பூங்கொடியும் நேற்றே பேசி வண்டி ஏற்பாடு செய்துவிட்டார்கள். இந்த ஏழு வருஷமும் ரெண்டு பெண்களும் மொட்டை மாடிச் சுவருக்கு மேலே குழம்பு மாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் தின்றதில் பாதி அந்த வீட்டுக் குழம்பு. பூங்கொடியைக் கேட்டால், "ருசியா இருந்துச்சுல்ல?" என்கிறாள்.

ஆஞ்சியோ எடுத்தார்கள். இடது பக்கத்து முக்கியக் குழாய் ஆரம்பத்திலேயே நூலளவுதான் திறந்திருக்கிறதாம். வீட்டுக்கே அனுப்பவில்லை. அப்படியே ஆம்புலன்சில் கோயமுத்தூர்.

பிப்ரவரி 19, கோயமுத்தூர்

நாளைக்கு பைபாஸ். ரத்தம் வேண்டும் என்றார்கள். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனேன். ரத்த வங்கியில் ஒரு பெண் கேள்வி கேட்டாள். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஏன் சாப்பிடுகிறீர்கள்? சொன்னேன்.

"அப்ப உங்க ரத்தம் எடுக்கமாட்டோங்க."

"ஏன்?"

"உங்களுக்கும் இருதய நோய் இருக்குல்லங்க. எடுத்தா உங்களுக்கு ஆகாது."

மேஜையைத் தட்டினேன். என் அண்ணனுக்கு என் ரத்தம் ஆகாதா என்று கத்தினேன். காவலாளி வந்து வெளியே உட்கார வைத்தார். கடைசியில் சங்கத்துக்குப் போன் போட்டேன். கோயமுத்தூர் பக்கம் இருந்த ரிக் வண்டிப் பையன்கள் நாலு பேர் வேலையை விட்டு, கிரீஸ் கறையோடு வந்து கொடுத்தார்கள். நான் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

இருதய நோய். அந்தப் பெண் சொன்ன பிறகுதான் அது என்னையும் சொல்கிறது என்று உறைத்தது.

பிப்ரவரி 20

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் போகும்போது கைலாசம் என்னைப் பார்த்தான். அண்ணி பிள்ளையார் படத்தின் முன்னாலேயே நின்றது. பூங்கொடி இட்லி வாங்கி வந்தாள். எனக்கு இறங்கவில்லை. காப்பி மிஷின் பக்கத்தில் ஒருத்தன் போனில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். போய் அவனோடு சண்டை பிடித்தேன். பாவம், அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

மத்தியானம் தாண்டி டாக்டர் வந்தார். நல்லபடியாக முடிந்தது, இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 25

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணி சாப்பிடப் போனது. பார்த்துக்கொள்ள நான் உட்கார்ந்தேன். வேறு ஆள் இல்லை.

கண்ணைத் திறந்து, "நீ ஏன் இங்க இருக்கே? கடை என்னாச்சு?" என்றான்.

"பூட்டிக் கிடக்கு."

"பொழைக்கத் தெரியாதவன்." கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான். "நீ சொன்னதுக்காக நான் போகலை. தங்கமணி அழுதா, அதனால போனேன்."

"நான் கேட்டேனா?"

நர்ஸ் வந்து சூடு பார்த்துவிட்டுப் போனாள். நான் ஆரஞ்சு உரித்தேன். அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்றார்களா, கொடுக்கலாம் என்றார்களா என்று மறந்துவிட்டது. நானே தின்றேன். தின்றுகொண்டே கேட்டுவிட்டேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"நல்லா இல்லைடா" என்றான். "ரெண்டாம் நாளு கறுத்து உப்பிப் போச்சு. அடையாளமே தெரியலை. நீ வந்துட்டிருக்கேன்னு தெரியும். உன்னை ரயிலேத்தி விட்டுட்டு நாக்பூர்ல இருந்து உன் டிரைவர் போன் பண்ணிட்டான். இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாம். நாந்தான் எடுக்கச் சொன்னேன். நீ இந்த மூஞ்சியைப் பாக்க வேண்டாம்னு."

ஆரஞ்சுத் தோலைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அதை நீ முடிவு பண்ணக் கூடாது."

"ஆமா."

"எங்கிட்டக் கேட்டிருக்கணும்."

"ஆமாடா. கேட்டிருக்கணும்."

ஏழு வருஷமாக இதற்குப் பதில் சொல்ல நான் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். அவன் ஆமா என்றால் என்ன சொல்வதென்று மட்டும் யோசிக்கவில்லை.

அவன் முகம் சுருங்கியது. "இருமல் வருது. அந்தத் தலகாணியைக் குடு."

நெஞ்சைப் பிளந்து கட்டியவர்கள் சளியை இருமித் துப்பியாக வேண்டும், இருமும்போது தலையணையை மார்போடு இறுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தையல் வலிக்கும் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்திருந்தாள். அவன் கைக்கு இன்னும் பலம் வரவில்லை. நான் எழுந்து தலையணையை வைத்து, ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே எல்லாம் குலுங்குவது என் கைக்குத் தெரிந்தது.

"மெல்லடா, உசுரு போகுது" என்றான்.

"சளி வரலை," என்றேன். "இன்னொருக்கா இருமு."